சிங்கப்பூரில் வீகன் சாப்பாடு: குவே முதல் கோப்பி வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூருக்கு வரும் வீகன்களுக்காக இந்தப் பக்கம். முட்டை, பால், தயிர், நெய், வெண்ணெய், தேன், மீன், இறைச்சி எதையும் தொடாதவர்களையே இங்கே வீகன் என்கிறோம். நனிசைவர் என்றாலும் அவர்கள்தான்.

"நான் சைவம்" என்று சொன்னால் போதாதா?

போதாது. இந்த ஊரில் அது கடைக்குக் கடை வேறு பொருள் தரும். சிராங்கூன் சாலைத் தமிழ் உணவகத்தில் சைவம் என்றால் முட்டை இருக்காது, பாலும் நெய்யும் இருக்கும். சீன சைவக் கடையில் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது, ஆனால் முட்டை இருக்கலாம். மலாய்க் கடையில் காய்கறி மட்டும் கேட்டால் இறைச்சித் துண்டு வராது, குழம்பில் காய்ந்த இறால் அரைத்து விட்டிருப்பார்கள். ஆகவே கொள்கையைச் சொல்லாதீர்கள், பொருளைக் கேளுங்கள். "முட்டை இருக்கா? நெய் இருக்கா? காய்ந்த இறால் இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் கடைக்காரருக்கும் பதில் சொல்வது சுலபம்.

குவே தட்டில் எதைத் தைரியமாக எடுக்கலாம்?

குவே என்பது மலாய், சீனச் சிற்றுண்டிப் பண்டங்களின் பொதுப்பெயர். வீகனுக்கு இந்த ஊரின் பெரிய விருந்தே அதுதான். ஐரோப்பிய பேக்கரிப் பண்டம் பெரும்பாலும் கோதுமை மாவு, வெண்ணெய், முட்டை இல்லாமல் எழும்பாது. மலாய், பெரனாக்கான் (சீன-மலாய்க் கலப்பு மரபினர்) குவேக்கு அரிசி மாவு, பசையரிசி, மரவள்ளி, தேங்காய், மணம் தரும் பச்சைப் பாண்டான் இலை, குலா மெலாக்கா போதும். குலா மெலாக்கா என்பது தென்னம் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம், கருப்பட்டியை நினைவூட்டும் மணம். பூரணக் கொழுக்கட்டை பிடிக்கும் என்றால் இந்தத் தட்டும் பிடிக்கும்.

முதலில் ஒண்டே ஒண்டே. பசையரிசி மாவில் பாண்டான் சாறு சேர்த்துப் பிசைந்து, நடுவில் குலா மெலாக்கா வைத்து உருட்டி, கொதிநீரில் வேகவைத்து, துருவிய தேங்காயில் புரட்டி எடுப்பார்கள். உள்ளே வெல்லம் பாகாக நிற்கும். பாதி கடித்தால் பாகு சட்டையில் பீய்ச்சும். முழு உருண்டையையும் வாயில் போட்டு உதட்டை மூடிக்கொண்டு கடியுங்கள்.

குவே கோசுய் பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று இருக்கும். குலா மெலாக்கா, அரிசி மாவு, மரவள்ளி மாவு, சிறிது காரநீர் (மிளகாய்க் காரமல்ல, சோடா உப்பு போன்ற காரம்), மேலே தேங்காய்த் துருவல். புலுட் இந்தி என்பது தேங்காய்ப்பாலில் வெந்த பசையரிசியின்மேல் வெல்லத்தேங்காய்ப் பூரணம். அரிசியில் தெரியும் நீலம் சங்குப்பூச் சாறு. லோபிஸும் பசையரிசிதான், தேங்காயில் புரட்டி வெல்லப்பாகு ஊற்றித் தருவார்கள். புத்து பிரிங் நம் புட்டுக்குப் பங்காளி: சிறு தட்டு அச்சில் அரிசி மாவைப் பரப்பி, நடுவில் குலா மெலாக்கா வைத்து ஆவியில் வேகவைத்தது. ஹேய்க் ரோடு புத்து பிரிங் கடை 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தெருவுணவுத் தொடரில் வந்த பிறகு வெளிநாட்டினரும் அதைத் தேடி வருகிறார்கள். குவே துத்து அதன் சீன உறவு, உள்ளே தேங்காயோ வேர்க்கடலையோ இருக்கும். புத்து மாயாம் நம் இடியாப்பமேதான், தேங்காயும் சர்க்கரையும் தொட்டுக்கொள்ள.

ஆவியில் வெந்த வண்ண அடுக்குக் குவே லாப்பிஸ், பாண்டானும் தேங்காய்ப்பாலும் இரண்டு அடுக்காக வரும் குவே தாலாம் இரண்டும் வழக்கமான செய்முறையில் வீகன். ஆமை ஓடு போன்ற அச்சில் சிவப்பாக வரும் அங் கூ குவேயில் இனிப்புப் பாசிப்பருப்பு, வேர்க்கடலைப் பூரணங்கள் பெரும்பாலும் சரிப்படும். உப்புப் பாசிப்பருப்புப் பூரணம் என்றால் எந்தக் கொழுப்பில் வதக்கினார்கள் என்று கேளுங்கள்.

எந்தக் குவேயில் ஏமாந்து போவோம்?

லாப்பிஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு பண்டம் உண்டு. மேலே சொன்னது ஆவியில் வெந்தது. தொட்டால் ரப்பர் போல இழுபடும், பளிச்சென்ற வண்ணம், அடுக்கடுக்காக உரிக்கலாம். இன்னொன்று அடுப்பில் அடுக்கடுக்காகச் சுட்ட கேக். பழுப்பும் மஞ்சளுமாக மெல்லிய கோடுகள், வெட்டுவாயில் வெண்ணெய் மினுமினுப்பு. முட்டை மஞ்சள் கருவும் வெண்ணெயும் ஏராளமாகச் சேர்த்துச் செய்வது அது. விலையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

குவே சாலாட், அதாவது செரி மூக்கா, கீழே வெள்ளையோ நீலமோ ஆன பசையரிசி, மேலே பச்சைப் படலம். அந்தப் பச்சைக்குப் பாண்டானும் தேங்காய்ப்பாலும் மட்டும் காரணம் என்று பலர் நம்பி வாங்கிவிடுகிறார்கள். அது முட்டை சேர்த்துக் கெட்டியாக்கிய கஸ்டர்ட். தாலாமும் சாலாட்டும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அடியில் அரிசிப் பருக்கை தெரிந்தால் சாலாட், எடுக்க வேண்டாம்.

குவே டாடார் என்ற பச்சைச் சுருளில் உள்ளே இருக்கும் தேங்காய்ப் பூரணம் சரி, வெளித் தோசை மாவில் பெரும்பாலும் முட்டை அடித்திருப்பார்கள். மரவள்ளிக் குவேயான பிங்கா ஊபியிலும் முட்டை, சில கைகளில் வெண்ணெயோ மார்ஜரினோ சேரும். இவை இரண்டையும் கேட்காமல் வாங்க வேண்டாம். மின் ஜியாங் குவே என்ற வேர்க்கடலை அப்பமும் அப்படித்தான்.

உப்புக் குவேகளில் இன்னும் கவனம் வேண்டும். சூன் குவேக்குள் இருக்கும் கிழங்குத் துருவலோடு காய்ந்த இறால் வதக்கியிருப்பார்கள். இளஞ்சிவப்புப் பீச் பழ அச்சில் வரும் பிங் குவேயிலும் அதே. புலுட் பாங்காங் என்று வாழையிலையில் சுட்டது இறால் பூரணம். சுவீ குவேயின் வெள்ளை அரிசிக் கிண்ணம் தனியாக வீகன்தான். மேலே போடும் முள்ளங்கி ஊறுகாயைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும், மிளகாய் விழுதில் இறால் அரைப்பதும் வழக்கம்.

பன்றிக் கொழுப்பு எங்கெல்லாம் இருக்கும்? எப்படித் தவிர்ப்பது?

கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் எளிதில் எட்டாது என்பதால்தான் இந்தக் கேள்வி முக்கியம். பொரபொரவென்று உதிரும் சீனப் பண்டங்களில், குறிப்பாக தாவ் சார் பியா என்ற பருப்புருண்டை பிஸ்கட்டிலும் தியோச்சியூ என்ற தென்சீன வட்டாரத்தாரின் பாணி நிலாப் பண்டத்திலும் (மூன்கேக்), பழைய செய்முறை பன்றிக் கொழுப்பையே கேட்கும். மாவின் அடுக்குகள் ஒட்டாமல் பிரிவதற்கு அறைச்சூட்டில் இறுகி நிற்கும் கொழுப்பு வேண்டும், திரவ எண்ணெய் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது. இப்போது பலர் தாவரக் கொழுப்புக்கு மாறியிருக்கிறார்கள், இருந்தாலும் கேட்டே ஆகவேண்டும். ஓர் நீ என்ற சேப்பங்கிழங்குக் களியும் பழைய முறையில் பன்றிக் கொழுப்பில் கிளறுவதுதான்.

முயிஸ் என்ற சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் வழங்கும் ஹலால் முத்திரை இங்கே பெரிய உதவி. முத்திரை இருந்தால் பன்றிக் கொழுப்புப் பற்றிக் கவலையில்லை. ஆனால் அது முட்டையைப் பற்றியோ பாலைப் பற்றியோ எதுவும் சொல்லாது. முத்திரையைப் பார்த்துப் பாதிக் கேள்வியை முடித்துவிட்டு, மீதியைக் கேளுங்கள்.

எந்த மொழியில், எப்படிக் கேட்பது?

ஆங்கிலம் பெரும்பாலான இடங்களில் போதும். ஆனால் மூத்த கடைக்காரர்களிடம் அவர்கள் மொழியில் இரண்டு சொல் சொன்னால் பதில் தெளிவாக வரும்.

மலாயில்: "மக்சிக், அடா தெலூர்?" என்றால் முட்டை இருக்கா? "அடா சூசு?" பால். "அடா ஊடாங் கெரிங்?" காய்ந்த இறால். "அடா இக்கான் பிலிஸ்?" நெத்திலி. "தாக் மாவ்" என்றால் வேண்டாம். சாந்தான் என்று பதில் வந்தால் அது தேங்காய்ப்பால், பயப்பட வேண்டாம். வயதில் மூத்த பெண்ணை மக்சிக், ஆணைப் பக்சிக், சற்றே மூத்தவர்களைக் காக், அபாங் என்று அழைப்பது மரியாதை.

சீனக் கடையில் ஆன்ட்டி, அங்கிள் என்றே தொடங்கலாம். மாண்டரினில் "யோ மே யோ தான்?" முட்டை இருக்கா? "பூ யாவ் தான்" முட்டை வேண்டாம். "ஜூ யோ" பன்றிக் கொழுப்பு. "ச்சுன் சூ" முழுச் சைவம், வீகனுக்கு மிக நெருங்கிய சொல். காய்ந்த இறாலுக்கு ஹோக்கியன் என்ற சீன வட்டார மொழியில் "ஹே பீ" என்றால் எல்லாருக்கும் புரியும். உச்சரிப்பில் ஐயம் இருந்தால் இவற்றைச் சீன எழுத்தில் கைப்பேசியில் சேமித்து வைத்துக் காட்டுங்கள்.

இனிப்புக் கடையில் வெறுமனே "பால் வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். தேங்காய்ப்பாலையும் சேர்த்து நிறுத்திவிட்டு, வெறும் ஐஸையும் பாகையும் கையில் கொடுத்துவிடுவார்கள். மாட்டுப்பால், டின் பால் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

எங்கே, எத்தனை மணிக்குப் போகவேண்டும்?

காலையில். அன்றைக்குச் செய்தது அன்றைக்கே விற்றாகவேண்டிய பண்டம் இது. நல்ல கையால் செய்த குவே மதியத்துக்குள் தீர்ந்துவிடும். மாலையில் மிஞ்சியிருப்பது இறுகிப்போனதாக இருக்கும். மலாய்க் குவேக்கு கேலாங் சிராய் சந்தை, பெரனாக்கான் வகைக்கு காத்தோங், ஜூ சியாட் பக்கம், சீனக் குவேக்கு தியோங் பாரு சந்தை, இடியாப்பத்துக்கு தேக்கா நிலையம். கடைத்தொகுதிக்குள் வசதியாக வாங்க, 1979இல் தொடங்கிய பெங்காவான் சோலோவின் கிளைகள் பல இடங்களில் உண்டு. அங்கே ஆவிக் குவேயும் வெண்ணெய் கேக்கும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் என்பதால் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நோன்பு மாதத்தில் கேலாங் சிராய் இரவுச் சந்தை தனி உலகம். ஆனால் அங்கே கூட்டத்தில் நின்று ஒவ்வொரு பொருளாக விசாரிக்க நேரம் கிடைக்காது.

கோப்பி குடிக்கலாமா?

கோப்பி என்று மட்டும் சொன்னால் டின் பால் சேர்ந்து வரும். கோப்பி சி என்றால் சர்க்கரையும் இனிப்பில்லாத கெட்டிப் பாலும். கோப்பி ஓ என்றால் பாலில்லாமல் சர்க்கரை மட்டும், கோப்பி ஓ கோசோங் என்றால் இரண்டும் இல்லை. குளிர்ந்தது வேண்டுமானால் கடைசியில் பெங் சேர்க்கவும்.

இதோடு முடிவதில்லை. இந்த ஊர்க் கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையோடும் மார்ஜரின் அல்லது வெண்ணெயோடும் சேர்த்து வறுப்பது பழைய வழக்கம். அந்தக் கறுப்புப் பளபளப்பும் கருகிய இனிப்பு மணமும் அதில்தான் வருகின்றன. மார்ஜரினில் பால் பொருள் கலந்திருக்கவும் கூடும். கோப்பை கோப்பையாக ஊற்றும் கடைக்காரருக்குத் தம் வறுவல்காரர் என்ன சேர்த்தார் என்று பெரும்பாலும் தெரியாது. இதைக் கறாராகப் பார்ப்பவர்கள் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர் குடிப்பது நல்லது. அதில் தேயிலையும் சர்க்கரையும் மட்டும்.

மைலோ, ஹார்லிக்ஸ் இரண்டிலும் தூளிலேயே பால் இருக்கிறது, வெந்நீரில் கலந்தாலும் வீகன் ஆகாது. பண்டுங் என்ற ரோஜாப்பாகு பானம் ரோஸ் நிறத்தில் அழகாக இருக்கும், பால் சேர்த்தது. நான்-டெய்ரி கிரீமர் என்று எழுதிய தூள்களில் பாலிலிருந்து எடுக்கும் சோடியம் கேசினேட் அடிக்கடி இருக்கும். பபள் டீ வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கரும்புச்சாறு, பார்லி, சோயா பால், எலுமிச்சைச் சாறு எல்லாம் தாராளமாக.

காலை உணவுக்கு காயா ரொட்டி?

காயா என்பது முட்டையும் தேங்காய்ப்பாலும் கிளறிய ஜாம், மேலே வெண்ணெய்ப் பாளம். வழக்கமான கடையில் வழியில்லை. பூசணி அல்லது சர்க்கரைவள்ளி கொண்டு செய்த வீகன் காயா சில பேரங்காடிகளில் புட்டியில் கிடைக்கும்.

அதற்கு ஈடாகச் சோயா பாலும் யூ தியாவும் கேளுங்கள். யூ தியாவ் கோதுமை மாவை நீரிலும் மாவை எழும்ப வைக்கும் உப்புகளிலும் பிசைந்து பொரிப்பது, வழக்கமான செய்முறையில் முட்டையோ பாலோ இல்லை.

நம் தமிழ் உணவகங்களில் எல்லாம் சரிதானே?

பலரும் இங்கேதான் கவனம் இழக்கிறார்கள். 1924இல் தொடங்கிய ஆனந்த பவன், 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் போன்ற இடங்களில் தமிழிலேயே கேட்கலாம் என்பது பெரிய நிம்மதி. அந்த வசதியைப் பயன்படுத்தி, கேளுங்கள்.

இட்லி, சாதா தோசை மாவில் எதுவும் இல்லை. "அண்ணே, கல்லில் நெய் வேண்டாம், எண்ணெய் மட்டும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தட்டு வந்தபின் சொல்லிப் பயனில்லை. ரவா தோசையில் மோர் கரைத்திருக்கலாம். பொங்கல், கேசரி என்றாலே நெய். தேங்காய்ச் சட்னியில் புளிப்புக்குத் தயிர் சேர்க்கும் சமையலறைகள் உண்டு. சாம்பாரையும் ரசத்தையும் நெய்யில் தாளித்தார்களா என்று கேளுங்கள்.

வாழையிலைச் சாப்பாட்டில் தயிர், மோர்க்குழம்பு, பாயசம், பருப்பின்மேல் ஊற்றும் நெய் நான்கும் கண்ணுக்குத் தெரியும், விலக்கிவிடலாம். தெரியாமல் நழுவி வருவது மோர் மிளகாய். மோரில் ஊறவைத்துக் காயவைத்தது அது. அப்பளத்தோடு ஒட்டிக்கொண்டு வரும், எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

இனிப்புகளில் பெரும்பாலானவை நெய் அல்லது பால்கோவா. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, எண்ணெயில் பொரித்த அதிரசம் கேட்டுப் பார்க்கலாம். முறுக்கில் வெண்ணெய் சேர்ப்பது வழக்கம். அச்சு முறுக்கை இங்கே முட்டை கலந்து செய்கிறார்கள், தமிழ்நாட்டு நினைப்பில் வாங்கிவிடாதீர்கள்.

பராட்டா?

வேண்டாம். மாவிலேயே நெய் அல்லது மார்ஜரின், டின் பால், சில இடங்களில் முட்டை. கேட்டு மாற்றித் தரமுடியாது, மாவு முந்தைய இரவே பிசைந்தது.

சீன சைவக் கடைகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஏறக்குறைய எல்லா உணவங்காடி நிலையங்களிலும் ஒன்றாவது இருக்கும். காலையில் சைவ பீஹூன்: அரிசிச் சேமியா, முட்டைக்கோஸ், பொரித்த தோஃபு, கோதுமைப் புரதத்தில் செய்த போலி இறைச்சி. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் இருப்பதால் அன்று வரிசை நீளும், 12 மணிக்கு முன் போய்விடுங்கள்.

மூன்று இடத்தில் கேட்கவேண்டும். போலி இறைச்சியைப் பிணைக்க முட்டை வெள்ளைக்கரு அல்லது பால் புரதம் சேர்ப்பது உண்டு. மஞ்சள் நூடுல்ஸில் முட்டை இருக்கலாம். பீஹூன், குவே தியாவ் இரண்டும் அரிசி, தைரியமாகச் சொல்லலாம். சைவ லக்சாவில் (காரமான நூடுல்ஸ் குழம்பு) தேங்காய்ப்பாலுக்குப் பதில் டின் பால் ஊற்றும் கடைகள் இருக்கின்றன.

ஒரே இடத்தில் பல சைவக் கடைகள் வேண்டுமென்றால் மிடில் ரோடு ஃபார்ச்சூன் சென்டர். பக்கத்திலேயே வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் இம் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயமும் அருகருகே இருக்கின்றன. சீனப் பக்தர்கள் இரண்டு வாசலிலும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

மற்ற உணவங்காடிக் கடைகளில் என்ன ஒளிந்திருக்கும்?

காங்கோங் கீரைப் பொரியலில் பிளாச்சான் என்ற இறால் விழுது. பூண்டு மட்டும் போடச் சொன்னால் சிப்பிச் சாறு. ரோஜாக் பழக்கலவையின் கறுப்புச் சாந்து இறால் விழுது சேர்ந்தது. பாப்பியா என்ற சுருளுக்குள் இருக்கும் கிழங்கு இறாலோடு வெந்தது. தோஃபு, காய்கறித் துண்டுகளைச் சூப்பில் தரும் யோங் தாவ் ஃபூவில் சூப்பே நெத்திலி. லொந்தோங் (குழம்பு ஊற்றிய அரிசிக் கட்டி), நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) இரண்டோடும் வரும் சம்பால் மிளகாய் விழுதில் இறாலோ நெத்திலியோ. கேரட் கேக் என்ற சாய் தாவ் குவேயில் முட்டை.

ஹக்கா மக்களின் லெய் சா, அதாவது அரைத்த தேயிலை மூலிகைச் சாறு ஊற்றிய சோறு, கொஞ்சம் மாற்றினால் முழு வீகன் சாப்பாடு. நெத்திலியையும் ஹே பீயையும் நிறுத்தச் சொல்லுங்கள். கசப்பும் பசுமையுமான அந்தச் சாறு முதல் வாயில் பிடிக்காமல் போகலாம், வேர்க்கடலையோடு சேர்த்துக் குழைத்தால் நன்றாக இருக்கும்.

பொரித்த எண்ணெய் பற்றி?

இந்த ஊரில் இறால் வடை பெயர் பெற்றது. உளுந்து வடையும் மசால் வடையும் அதே சட்டியில்தான் பொரியும். இந்தியன் ரோஜாக் கடையிலும் உருளைக்கிழங்கு, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), இறால் பலகாரம் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய். இதை ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ஏற்காதவர்கள் முழுச் சைவக் கடையில் மட்டும் பொரித்ததை வாங்குங்கள்.

குளிர்ந்த, சூடான இனிப்புகள்?

குவேக்கு அடுத்த புதையல். செண்டோல்: பாண்டான் பச்சை நூல், தேங்காய்ப்பால், குலா மெலாக்கா, சிவப்பு பீன்ஸ். சூடாகத் தாவ் சுவான், அதாவது பாசிப்பருப்புக் கஞ்சியில் யூ தியாவ் துண்டுகள். கறுப்புப் பசையரிசியில் புலுட் ஹித்தாம். கிழங்குகளும் தேங்காய்ப்பாலுமாக புபுர் சா சா. லோங்கானும் வெள்ளைக் காளானும் மிதக்கும் செங் தெங். இவை யாவும் வழக்கப்படி வீகன்.

ஐஸ் காச்சாங் என்ற துருவிய ஐஸ் இனிப்பில் கடைசியில் டின் பால் ஊற்றுவார்கள், கை நீளுமுன் தடுக்கவேண்டும். மாம்பழ சாகோவில் பால் கலந்திருக்கும். பாதாம் ஜெல்லியின் வெண்மையும் பெரும்பாலும் பால்தான். தாவ் ஹுவே பழைய முறையில் ஜிப்சம் கொண்டு உறைந்த சோயாப் பால், வீகன். புட்டிங் மாதிரித் தளதளவென்று கிண்ணத்தில் குளிர்ந்து விற்கும் புதுவகையில் கிரீமரோ ஜெலட்டினோ இருக்கலாம். அகர் அகர் கடற்பாசி, பயமில்லை.

கரிபாப், பன், பாவ்?

கரிபாப் என்பது மசாலா அடைத்துப் பொரித்த பஃப், அதில் கோழி, முட்டைத் துண்டு வழக்கம். சைவக் கரிபாப் வாங்கினாலும் மேல்தோலில் வெண்ணெயா என்று கேளுங்கள். பன்னின் தலையில் பழுப்புப் பளபளப்பு தெரிந்தால் முட்டை பூசியது. பாவ் என்ற ஆவியில் வெந்த சீன பன்னின் மாவில் பாலோ கொழுப்போ இருக்கலாம். பேக்கரியில் நேரம் செலவிடுவதைவிடக் குவேக் கடைக்கு நடப்பது மேல்.

பொட்டலத்தில் என்ன பார்க்கவேண்டும்?

சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிப்படி, முன்கூட்டியே பொட்டலமிட்ட உணவில் பொருள்களை அளவு இறங்குமுகமாகப் பட்டியலிட்டிருக்கவேண்டும். முட்டை, பால், மீன், இறால் நண்டு வகை ஆகியவற்றைக் கட்டாயம் குறிப்பிட்டிருப்பார்கள். பன்றிக் கொழுப்பும் தேனும் அந்த ஒவ்வாமைப் பட்டியலில் வராதவை, பொருள் பட்டியலில்தான் தேடவேண்டும். ஷார்ட்டனிங் என்ற பேக்கரிக் கொழுப்பு, இ471 என்ற சேர்மானம் போன்றவை தாவரமாகவும் இருக்கலாம், விலங்காகவும் இருக்கலாம். கடையில் உங்கள் கண்முன் கட்டித்தரும் குவேக்கு இந்தப் பட்டியல் இருக்காது.

வாங்கியதை ஓட்டலுக்கு எடுத்துப்போய் வைத்திருக்கலாமா? ஊருக்கு?

தேங்காய் போட்டது வெளிச்சூட்டில் 4 மணி நேரத்துக்குமேல் வேண்டாம், புளிக்கத் தொடங்கும். குளிர்பெட்டியில் வைத்தால் கெடாது, ஆனால் அரிசி மாவின் மாவுச்சத்து இறுகிக் கல்லாகிவிடும். ஆவியில் 4 அல்லது 5 நிமிடம் வைத்தால் திரும்ப மென்மையாகும். மைக்ரோவேவ் மட்டும் இருந்தால் ஈரத்தாள் போர்த்தி 15 விநாடி, அதைத் தாண்டினால் ஓரம் தோலாகும்.

ரயிலில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். எம்ஆர்டியில் சாப்பிட்டால் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். உணவங்காடியில் சாப்பிட்டபின் தட்டை நீங்களே திருப்பி வைக்கவேண்டும், ஹலால் தட்டுக்குத் தனி இடம் இருக்கும்.

ஊருக்கு எடுத்துப்போகக் குலா மெலாக்கா கட்டிதான் சரியான பொருள். வீகன் காயா புட்டி 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் வராது, பெட்டியில் போடுங்கள்.

விமானத்தில் எந்தச் சாப்பாட்டைப் பதிவு செய்வது?

வி.ஜி.எம்.எல். என்ற குறியீடு வீகன். நம்மவர்கள் பழக்கத்தில் தேர்ந்தெடுக்கும் ஏ.வி.எம்.எல். இந்திய சைவம்; அதில் தயிர், பனீர், நெய் வரும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் புறப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பதிவு செய்யவேண்டும்.

ஒண்டே ஒண்டேயை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். சுமார் 22 உருண்டைக்கு: பசையரிசி மாவு 150 கிராம், பாண்டான் இலை 8, தண்ணீர் 150 மில்லி, பொடியாக நறுக்கிய குலா மெலாக்கா 80 கிராம், தேங்காய்த் துருவல் 100 கிராம், உப்பு கால் தேக்கரண்டி.

தேங்காயில் உப்பைக் கலந்து ஆவியில் 5 நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். பச்சையாகப் போட்டால் சீக்கிரம் புளிக்கும். இலையைத் தண்ணீரில் அரைத்து வடிகட்டி, சாற்றை வெதுவெதுப்பாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மாவில் விட்டுப் பிசையுங்கள். சுமார் 125 மில்லி பிடிக்கும். எலுமிச்சை அளவு மாவை மட்டும் தட்டிக் கொதிநீரில் போட்டு, மிதந்ததும் எடுத்து மீதி மாவோடு சேர்த்துப் பிசைந்தால் உருட்டும்போது விரிசல் விடாது. 12 கிராம் உருண்டை பிடித்து, குழித்து, வெல்லம் வைத்து, நன்றாக மூடுங்கள். கொதிநீரில் போட்டு மிதந்தபின்னும் ஒன்றிரண்டு நிமிடம் விட்டு எடுத்தால்தான் உள்ளே வெல்லம் முழுக்க உருகும். சூட்டோடு தேங்காயில் புரட்டுங்கள்.

வேகும்போது நீர் பழுப்பானால் உருண்டை விரிசல் விட்டுவிட்டது. மாவு காய்ந்திருக்கும், ஒரு தேக்கரண்டி நீர் தெளித்து மீண்டும் பிசையுங்கள். கடித்தால் வெல்லம் கரகரவென்றிருந்தால் துண்டு பெரிதாக இருந்தது. இடியாப்ப மாவைக் கொண்டு செய்தால் இழுபடாமல் உடையும். கட்டாயம் பசையரிசி மாவு வேண்டும். குலா மெலாக்கா கிடைக்காத ஊரில் பனங்கருப்பட்டி போடலாம், அது சற்றுக் கடினம் என்பதால் இன்னும் பொடியாகச் சீவிக்கொள்ளுங்கள்.